திறன் என்று எழுதப்படுவதும் எழுதப்படாததும்

ஆங்கிலத்தில் சரளமாகப் பேசவும் எழுதவும் தெரிய வேண்டும். எக்செல் தெரிந்திருக்க வேண்டும். நுணுக்கமான கவனம் வேண்டும். பொறுமை வேண்டும். குழுவோடு அனுசரித்துப் போக வேண்டும். எந்த ஷிஃப்ட்டிலும் வேலை செய்யச் சம்மதம் வேண்டும். உடனே சேரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை.

தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் பட்டம் முடித்த பெண் இருக்கும் வீடுகளில் இந்த வரிகளுக்கு அறிமுகம் தேவையில்லை. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வரும். பக்கத்து வீட்டு அக்கா தன் கம்பெனியில் ஆள் எடுப்பதாகச் சொல்லி அனுப்புவார். வேலை முகாம் நடக்கும் கல்லூரி வாசலில் ஒட்டியிருக்கும். சினிமாவை, பாடலை, சோப்பு விளம்பரத்தைப் பெண்ணிய நோக்கில் பக்கம் பக்கமாக வாசித்திருக்கிறோம். பல்லாயிரம் பெண்களின் சம்பளத்தையும் தூக்கத்தையும் தீர்மானிக்கும் இந்தச் சிறிய பட்டியலை அப்படி வாசித்ததில்லை. தகவல் தெரிவிப்பதுபோல் எழுதப்பட்டிருப்பதால் இதில் வாசிக்க ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் எது திறன், எது வெறும் குணம், எதற்குச் சம்பளம், எது இலவசம் என்ற முடிவுகளெல்லாம் இதற்குள்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன.

மையத்தின் கதை

வணிகச் சேவை மையம் என்பது பெரிய நிறுவனம் ஒன்றின் கணக்கு, சம்பளப் பட்டுவாடா, கொள்முதல், வாடிக்கையாளர் சேவை போன்ற பின்னணி வேலைகளை ஒரே இடத்தில் குவித்துச் செய்யும் அலுவலகம். சென்னையில் இதற்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. 2001இல் உலக வங்கி தன் கணக்கு வேலைகளுக்காகச் சென்னையில் அலுவலகம் அமைத்தது. ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியின் ஸ்கோப் இன்டர்நேஷனல் தொடங்கியதும் அதே ஆண்டுதான். இன்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும், தாம்பரம் சானடோரியத்தின் மெப்ஸ் வளாகத்திலும் இத்தகைய அலுவலகங்கள் இருக்கின்றன. கால் சென்டர், பிபிஓ, ஷேர்டு சர்வீசஸ் என்று பெயர் மாறி மாறி, இப்போது அரசு ஆவணங்களில் இவை ‘உலகளாவிய திறன் மையங்கள்’. பெயரிலேயே திறன் ஏறிவிட்டது.

இந்த மாற்றத்தின் பொருளை ஃபோர்டு நிறுவனத்தின் கதையில் தெளிவாகப் பார்க்கலாம். 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சுமார் 4,000 பேரின் வேலை பாதிக்கப்படும் என்றது. மறைமலைநகர் ஆலையில் 2022 ஜூலையில் உற்பத்தி நின்றது. கூடுதல் இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் போராடினார்கள். ஆனால் 2021இன் அதே அறிவிப்பில், இந்தியாவில் 11,000க்கும் மேற்பட்டோர் பணியாற்றும் தன் வணிகச் சேவைப் பிரிவை விரிவுபடுத்தப்போவதாகவும் ஃபோர்டு சொன்னது. 2024 செப்டம்பரில், சென்னை ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை அது தெரிவித்தபோது, தமிழ்நாட்டில் அந்தப் பிரிவின் ஊழியர் எண்ணிக்கை 12,000 ஆகியிருந்தது. மேலும் 2,500 முதல் 3,000 பேர் வரை சேர்க்கப்படுவார்கள் என்றும் சொல்லப்பட்டது.

கார் செய்யும் இடம் மூடப்பட்டது. காரின் கணக்கு எழுதும் இடம் வளர்ந்தது. வாகன உதிரிபாகப் பட்டறைகள் நிறைந்த திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் குடும்பங்களுக்கு இது பொருளாதாரப் பக்கச் செய்தி மட்டுமல்ல. அப்பா லேத்தில் நின்ற வீட்டில் மகள் கணினி முன் உட்காரப் போகிறாள் என்பதன் பின்னணி இது. எனவே அந்த இருக்கைக்குப் பட்டியல் என்ன கேட்கிறது என்பது ஒரு தலைமுறைப் பெண்களின் கேள்வி.

ஏணியும் அதன் படிகளும்

முதல் படி ‘அசோசியேட்’. கணக்குப் பிரிவில் என்றால், பொருள் விற்றவர் அனுப்பிய இன்வாய்ஸை, நாம் கொடுத்த ஆர்டரோடும் சரக்கு வந்து சேர்ந்த ரசீதோடும் ஒப்பிட்டு, மூன்றும் பொருந்தினால் மட்டும் பணம் போக விடுவது. மருத்துவப் பிரிவில் என்றால், அமெரிக்க மருத்துவரின் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடும் மெடிக்கல் கோடர். 2015 அக்டோபரில் அமெரிக்கா ஐசிடி-10 முறைக்கு மாறியபோது கோடர்கள் முற்றிலும் புதிய குறியீட்டுத் தொகுதியைப் படிக்க வேண்டியிருந்தது. இன்னொருவர் ‘ஏஆர் காலர்’: இரவில் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களை அழைத்து, மருத்துவமனைக்கு வர வேண்டிய தொகை ஏன் வரவில்லை என்று கேட்டு வாங்குபவர்.

அதற்கு மேல் சீனியர் அசோசியேட், வேலையின் தரம் பார்க்கும் குவாலிட்டி அனலிஸ்ட், புதியவர்களுக்குச் சொல்லித்தரும் டிரெய்னர், சிக்கல் வந்தால் எல்லோரும் ஓடிச்சென்று கேட்கும் எஸ்எம்ஈ, பிறகு டீம் லீட். அதற்கும் மேல் மேனேஜர், டிரான்சிஷன் மேனேஜர், சர்வீஸ் டெலிவரி ஹெட்.

இந்த ஏணியில் ஏறும்போது பட்டியலின் மொழி மாறுவதைக் கவனியுங்கள். கீழ்ப்படியில் ‘பொறுமை’ என்று இருப்பது மேலே ‘ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட்’ ஆகிறது. கீழே ‘நுணுக்கமான கவனம்’ என்றால் மேலே ‘ரிஸ்க் அண்ட் கன்ட்ரோல்’. கீழே ‘அனுசரித்துப் போதல்’, மேலே ‘சேஞ்ச் மேனேஜ்மென்ட்’. மேலே உள்ளவரின் பொறுப்பு பெரியது, உண்மைதான். ஆனால் கோபத்தில் இருக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரைச் சமாளிக்க இரு படிகளிலும் தேவைப்படுவது ஏறத்தாழ ஒரே உழைப்பு. மேலே அது பயிற்சியால் வந்த திறன் என்று எழுதப்படுகிறது. கீழே, பெண்கள் அதிகம் நிற்கும் படியில், அது சுபாவம் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. சுபாவத்துக்கு யாரும் சம்பள உயர்வு கேட்க முடியாது.

விரல்களும் கண்களும்

இந்தத் தந்திரம் கணினியோடு வந்ததல்ல. 1981இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் ஏற்றுமதித் தொழிற்சாலைப் பெண்கள் பற்றி எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார்கள். பெண்களுக்கு இயற்கையிலேயே வேகமான விரல்கள் என்று முதலாளிகள் சொன்னார்கள். அந்த வேகம் சிறுவயதிலிருந்தே வீட்டில் தையலும் கைவேலையும் செய்து பழகியதால் வந்த பயிற்சி. பயிற்சி வீட்டுக்குள் நடந்ததால் அது கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாததால் ‘திறனற்ற வேலை’ என்று வகைப்படுத்திக் குறைந்த கூலி கொடுக்க முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆன் ஃபிலிப்ஸும் பார்பரா டெய்லரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெண்கள் செய்வதாலேயே ஒரு வேலை திறன் குறைந்ததாக மதிப்பிடப்படுகிறது என்றார்கள்.

இது நம் தெருவுக்கு அந்நியமான வாதம் இல்லை. தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் 1984இல் அமைந்தது. ஆயத்த ஆடைப் பிரிவுகளில் பெண்கள் தைத்த அதே வளாகத்தில்தான் பிறகு மென்பொருள், பின்னணி அலுவலகங்களும் வந்தன. உதிரிபாகப் பட்டறைகளிலும் பெண்ணின் இடம் பெரும்பாலும் இயந்திரத்தின் முன் இல்லை. சோதனை மேசையிலும் பேக்கிங்கிலும்தான். பளபளக்கும் உலோகத் துண்டில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்து ஒதுக்குவது சாதாரண வேலையா? ஒரு நாளில் ஆயிரக்கணக்கான துண்டுகள் கடந்துபோகும்போது கண் அலுக்காமல் இருக்க வேண்டும். ஆனாலும் பதிவேட்டில் அவர் ‘ஹெல்பர்’. அந்த வீட்டு மகள் கணினி முன் உட்கார்ந்து ஆயிரம் இன்வாய்ஸில் ஒரு தவறான வரி எண்ணைப் பிடிக்கிறாள். அம்மாவின் கண்தான் அவளுக்கும். பெயர் மட்டும் ஹெல்பரிலிருந்து அசோசியேட் ஆகியிருக்கிறது. சம்பளமும் வசதியும் கூடியிருக்கின்றன. ஆனால் அந்தக் கண் ஒரு திறன் என்று ஒப்புக்கொள்வது மட்டும் இன்னும் நடக்கவில்லை.

சட்டத்துக்கு இது புரியாத விஷயமில்லை. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே தன்மையுள்ள வேலை எது என்பதைத் திறன், முயற்சி, பொறுப்பு ஆகியவற்றை வைத்துத்தான் அளந்தது. 1987இல் மெக்கின்னன் மெக்கன்சி நிறுவன வழக்கில், பெண் ஸ்டெனோகிராஃபர்களுக்கு ஆண் ஸ்டெனோகிராஃபர்களைவிடக் குறைந்த சம்பளம் தந்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பெண்கள் மேலதிகாரிகளோடு இணைக்கப்பட்ட அந்தரங்க ஸ்டெனோக்கள், எனவே தனி வகை என்று நிறுவனம் வாதாடியது. வேலையின் பெயரைப் பிரித்து வைத்தால் சம்பளத்தையும் பிரித்துவிடலாம் என்ற எண்ணம் அது. இன்றைய ஏணியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயர்கள் இல்லை. படிகள்தான் இருக்கின்றன, யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதில் வேறுபாடு இருக்கிறது.

குரலைப் பற்றி மட்டும் பேசினால் போதாது

இந்திய கால் சென்டர்களைப் பற்றிய ஆய்வுகள் உச்சரிப்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கின்றன. ஏ.அனீஷ், உலகில் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஓர் உச்சரிப்பு எப்படி உருவாக்கப்படுகிறது என்று 2015இல் ஒரு நூலே எழுதினார். அந்த உலகத்தில் ‘எம்டிஐ’ என்று ஒரு குறைபாடு உண்டு: தாய்மொழித் தாக்கம். மதிப்பெண் அட்டையில் தாய்மொழி ஒரு பிழையாகப் பதிவாகிறது. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு, குறிப்பாக முதல் தலைமுறைப் பட்டதாரிகளான தலித், பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு, இந்தப் பிழை பிறப்பிலேயே ஒட்டியதுபோல் ஆகிறது. ‘நல்ல ஆங்கிலம்’ என்ற ஒரு வரியில் எந்தப் பள்ளி, எந்தத் தெரு, எந்தச் சாதி என்ற கேள்விகள் கேட்காமலே கேட்கப்பட்டுவிடுகின்றன.

ஆனால் சென்னையில் குரல் தேவைப்படாத வேலைகளும் ஏராளம்: கணக்கு, கோடிங், வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கான அச்சுக்கோப்பு. இங்கே புன்னகையை விற்பதில்லை என்பதால் உணர்ச்சி உழைப்பு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் உணர்ச்சி உழைப்பைப் பற்றி எழுதியபோது இரண்டு வேலைகளை எடுத்துக்கொண்டார். ஒன்று விமானப் பணிப்பெண். பயணியை மனம் குளிர வைப்பது. மற்றொன்று கடன் வசூலிப்பவர். எதிரில் இருப்பவரை மிரட்டிப் பணிய வைப்பது. முதலாவதில் பெண்கள் அதிகம், இரண்டாவதில் ஆண்கள் அதிகம். நம் ஏஆர் காலர் இரண்டையும் ஒரே அழைப்பில் செய்ய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்து ஆளிடம் பணிவாகத் தொடங்கி, விடாப்பிடியாக நின்று, கோபம் வராமல் பணத்தை வாங்க வேண்டும். இதைச் செய்பவரைப் ‘பேசத் தெரிந்த பொண்ணு’ என்று சொல்வது பாராட்டுபோலத் தோன்றும். வசூல் நிபுணர் என்று எழுதினால் சம்பள வரிசை மாறும்.

எழுதப்படாத தகுதிகள்

இப்போது பட்டியலில் இல்லாதவற்றுக்கு வருவோம். ‘எந்த ஷிஃப்ட்டிலும்’ என்ற வரியை விரித்துப் பார்க்கலாம். நியூயார்க்கின் காலை 9 மணி கோடையில் நமக்கு மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றும்போது திருமுடிவாக்கத்தில் ஒரு வீட்டின் சமையல் நேரமும் ஒரு மணிநேரம் நகர்கிறது. அமெரிக்க அலுவலக நேரத்துக்கு ஈடாக மாலை 6.30க்குத் தொடங்கும் வேலை அதிகாலை 3.30க்கு முடியும். வீடு வந்து படுத்த சற்று நேரத்தில் தண்ணீர் வரும், பால் வரும், பள்ளிக்குப் பிள்ளை கிளம்ப வேண்டும். 2024ஆம் ஆண்டின் அரசு நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களிடையே பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. ‘எந்த ஷிஃப்ட்டிலும் சம்மதம்’ என்ற தகுதி ஆணுக்கு ஒரு கையெழுத்து. பெண்ணுக்கு அது மாமியாரின் சம்மதம், அம்மாவின் உடல்நலம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு பெண் ஆகிய எல்லாம் சேர்ந்தது.

இரண்டாவது எழுதப்படாத தகுதி, முகவரி. இரவு ஷிஃப்ட்டுக்கு கேப் விடும் பல நிறுவனங்கள் அலுவலகத்தைச் சுற்றி ஓர் எல்லை வகுத்திருக்கும். அந்த எல்லைக்குள் வசிப்பவரைத்தான் எடுப்பார்கள்; அல்லது எல்லை வரை வந்து ஏறிக்கொள்ளச் சொல்வார்கள். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் திருமுடிவாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் 20 கிலோமீட்டருக்குள்தான். சாலையில் அது பல்லாவரம் வழியாகவோ தாம்பரம் வழியாகவோ நெரிசலில் நீந்தும் பயணம். கேப் கடைசியாக இறக்கிவிடும் ஆளாக இருப்பது எப்படி என்று இரவு வேலை செய்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஆண் சக ஊழியர் ஒரு பைக் வாங்கியதும் முகவரிச் சிக்கலிலிருந்து விடுபட்டுவிடுகிறார். அவளுக்கு அதிகாலை 3.30க்கு ஸ்கூட்டி ஒரு தீர்வாக இல்லை.

இரவு ஆபத்தானது, எனவே பெண் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்ல இதை எழுதவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு மாலை 7 முதல் காலை 6 வரை வேலையை மறுத்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் சமத்துவத்துக்கு எதிரானது என்று ரத்து செய்து, போக்குவரத்து, பாதுகாப்பு உள்ளிட்ட நிபந்தனைகளை விதித்தது. இரவு வேலை உரிமை வாதாடிப் பெறப்பட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் 2014 பிப்ரவரியில் சிறுசேரியில் இரவு வேலை முடிந்து தங்குமிடத்துக்குத் திரும்பிய இளம் பெண் ஊழியர் ஒருவர் கொல்லப்பட்டார். அலுவலகத்துக்குள் அடையாள அட்டையும் கேமராவும் இருந்த இடத்தில், வாசலுக்கு வெளியே விளக்குகூடச் சரியாக இல்லாத சாலை இருந்தது. இரவைப் பெண்ணுக்குத் திறந்துவிட்டோம். அந்த இரவுக்குச் சாலை போடவில்லை. அந்தச் சாலையைக் கடக்கும் துணிச்சலும் பட்டியலில் எழுதப்படாத ஒரு தகுதிதான்.

நடுப்படியில் நிற்பவர்கள்

இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறை ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் பெண்கள் என்று துறையின் அமைப்பான நாஸ்காம் சொல்கிறது. உயர் பதவிகளில் அந்தப் பங்கு வெகுவாகச் சுருங்குகிறது என்பதையும் துறையே ஒப்புக்கொள்கிறது. காரணம் கேட்டால் பெண்களுக்கு ‘கரியர் பிரேக்’ வருகிறது என்பார்கள், ஏதோ பருவமழை வருவதுபோல.

இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறார். அவருடைய பேறுகாலப் பணத்தை இஎஸ்ஐ தருகிறது. சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியதும், 2017 திருத்தத்தின்படி 26 வாரச் சம்பளத்தையும் நிறுவனமே தர வேண்டும். அதாவது ஒரு பெண் முதல் படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் வயதில்தான், அவளுடைய பேறுகாலம் நிறுவனத்தின் செலவுப் பக்கத்தில் ஏறுகிறது. இந்தக் கணக்கை எந்த நிர்வாகமும் காகிதத்தில் எழுதாது. ஆனால் டீம் லீட் நேர்காணலில் ‘கல்யாணம் எப்போ?’ என்ற கேள்வி வேடிக்கைபோல வரும்போது, எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. அது இரவு 11 மணிக்கும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்க வேண்டியது நாம்தான்.

படி ஏறுவதில் இன்னொரு பொறியும் உண்டு. தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு ‘தொழிலாளி’க்குத்தான். நிர்வாகப் பணியில் இருப்பவரும், மேற்பார்வைப் பணியில் குறிப்பிட்ட சம்பளத்தைத் தாண்டியவரும் அந்தச் சொல்லுக்கு வெளியே போகிறார்கள். பழைய தொழில் தகராறு சட்டத்தில் அந்த வரம்பு 10,000 ரூபாய். புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் 18,000. எனவே ‘லீட்’ என்ற சொல் பெருமை மட்டும் தருவதில்லை. வேலையை விட்டு அனுப்பும்போது கேள்வி கேட்கும் உரிமையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. பதவியின் பெயரைப் பார்க்காமல் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. அதை நிரூபிக்க, தான் என்ன செய்கிறேன் என்று சொல்லும் சொற்கள் அவளிடம் இருக்க வேண்டும். 2015 ஜனவரியில் சென்னையில் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்று கர்ப்பிணி ஊழியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்தபோது, உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2016இல் தமிழ்நாடு அரசு, ஐடி நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கு இல்லை என்று தெளிவுபடுத்தியது. சங்கம் அமைக்கும் உரிமை அங்கும் உண்டு. இந்தத் தகவல் எந்தப் புதிய ஊழியர் பயிற்சி வகுப்பிலும் திறனாகக் கற்றுத் தரப்படுவதில்லை.

கிடைத்ததை மறுக்காமல்

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்த வேலைகளே வேண்டாம் என்று முடிப்பது மேட்டிமைத்தனம். தன் பெயரில் வங்கிக் கணக்கு, மாதம் பிறந்ததும் வரும் சம்பளம், கல்யாணத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போடும் பலம், தோழிகளோடு அதிகாலை டீ, ‘எனக்கு ஷிஃப்ட் இருக்கு’ என்று சொல்லி ஒரு பெண் பார்க்கும் சடங்கிலிருந்து தப்பிப்பது ஆகியவை சிறிய விஷயங்கள் இல்லை. இரவு வேலைக்குப் போகும் பெண்ணை ஒழுக்கம் கெட்டவள் என்று தெரு பேசிய காலத்தில், கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுத் தெருமுனையில் கேபுக்கு நின்ற பெண்கள் அந்தத் தெருவின் பேச்சையே மாற்றினார்கள். பட்டியலை விமர்சிப்பது அவர்கள் பெற்றதைச் சிறுமைப்படுத்த அல்ல. அவர்கள் செய்ததற்கு உரிய பெயரும் விலையும் கிடைக்கவில்லை என்று சொல்லத்தான்.

அரசும் இந்தப் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ மாணவர்களைத் தொழில்துறை கேட்கும் திறன்களுக்குத் தயார் செய்கிறது. அதே ஆண்டு வந்த ‘புதுமைப் பெண்’ அரசுப் பள்ளிப் பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. இரண்டும் நல்லவை. ஆனால் 2024 பட்ஜெட்டில் உலகளாவிய திறன் மையங்களுக்கு அறிவித்த சம்பள மானியம், மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் தரும் வேலைகளுக்குத்தான்: முதல் ஆண்டு 30 சதவீதம், அடுத்து 20, பிறகு 10. உயர்ந்த படிகளுக்கு மக்கள் பணம் போகிறது. அந்தப் படிகளில் எத்தனை பெண்கள் இருக்க வேண்டும், கீழ்ப்படியிலிருந்து எத்தனை பேரை ஏற்ற வேண்டும் என்பதை மானியத்தின் நிபந்தனையாக வைத்திருக்கலாம்.

இதில் அவசரமும் இருக்கிறது. இன்வாய்ஸ் ஒப்பிடுவதையும் குறியீடு போடுவதையும் மென்பொருளே செய்யத் தொடங்கிவிட்டது. முதலில் காலியாவது முதல் படி. ‘திறன் குறைந்த’ வேலை என்று இத்தனை ஆண்டு எழுதிவைத்தது இப்போது பணிநீக்கத்துக்குக் காரணமாகக் காட்டப்படும். இயந்திரம் தப்பு செய்யும்போது அதைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் யார்? எந்த வென்டர் எந்த மாதம் இரட்டை இன்வாய்ஸ் அனுப்புவார், எந்த மருத்துவரின் கையெழுத்துக் குறிப்பில் எது விட்டுப்போகும் என்று பத்து ஆண்டு பார்த்த பெண்கள்தான். அந்த அறிவு எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததால் அதற்கு இழப்பீடும் கிடையாது, மறுபயிற்சியில் முன்னுரிமையும் கிடையாது.

ஆகவே பட்டியலைத் திருத்தி எழுதச் சொல்வோம். ‘பொறுமை’ என்பதற்குப் பதில், நாளொன்றுக்கு எத்தனை கடினமான உரையாடல்களைக் கையாள வேண்டும் என்று எழுதட்டும். ‘நுணுக்கமான கவனம்’ என்றால் எத்தனை ஆவணம், எவ்வளவு பிழை வரம்பு, அதற்கு என்ன ஊதியப் படி என்று எழுதட்டும். ‘எந்த ஷிஃப்ட்டிலும்’ என்றால் இரவுப்படி எவ்வளவு, கேப் வீட்டு வாசல் வரையா, காப்பகம் எத்தனை மணி வரை என்று அதே வரியில் எழுதட்டும். புதியவருக்குச் சொல்லித்தரும் அசோசியேட்டுக்கு டிரெய்னர் என்ற பெயரும் அதற்கான சம்பளமும் தரட்டும். அடுத்த படிக்கு என்ன வேண்டும், போன ஆண்டு அதில் ஏறியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை நேர்காணலுக்கு வரும் பெண்ணுக்குக் காட்டட்டும்.

நிறுவனங்கள் தாமாக இதைச் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வேலையில் இருக்கும் பெண்கள் இன்றே ஒரு நோட்டை எடுத்து, ஒரு வாரம் தாங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் வினைச்சொல்லோடு எழுதலாம்: ஒப்பிட்டேன், கண்டுபிடித்தேன், தடுத்தேன், சொல்லிக்கொடுத்தேன், சமாளித்தேன், வசூலித்தேன். மதிப்பீட்டுக் கூட்டத்திலும், சங்கத்திலும், தேவைப்பட்டால் நீதிமன்றத்திலும் அந்த நோட்டு பேசும். திருமுடிவாக்கத்துச் சோதனை மேசையில் இருக்கும் அம்மாவும் தனக்கு ஒரு நோட்டு போடட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எத்தனை வினைச்சொற்கள் பொதுவாக இருக்கும் என்று பார்க்கலாம்.